சுழல்கம்பி முதல் மின்போறணை வரை

உணவைத் தீயிலே பக்குவப்படுத்தும் முறைகள் பலவாயினும், அவற்றை நான்கு வகையுள் அடக்கிவிடலாம். நீரிலிட்டு அவித்தல் ஒன்று. எண்ணெயிலே பொரித்தல் மற்றொன்று. மூடிய போறணையின் வெங்காற்றிலே வேகவைத்தல் மூன்றாவது. இடையில் நீரும் எண்ணெயும் இன்றி, அனலின் நேர்முகத்தில் வைத்து வாட்டுதல் நான்காவது. இந்த நான்காவது முறையே மிகப் பழையது. இன்று வசதியுள்ள வீடுகளில், மின்போறணையின் கூரைப்புறத்தே செந்நிறமாய் ஒளிரும் கம்பியின் கீழ் ஒரு கோழித் துண்டையோ மீனையோ வைத்துச் சில நிமிடங்களில் வாட்டி எடுக்கின்றனர். அக்கம்பி அவ்விடத்துக்கு வந்து சேர்ந்த வரலாறு யாது? அதற்கு முன் அனலின் எதிரே நின்று வெந்தவர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

கிரேக்க மகாகவி ஹோமரின் இலியட் காவியத்திலே, அக்கிலிசும் அவன் தோழன் பத்திரோக்கிளசும் தம்மை நாடி வந்த விருந்தினர்க்காக இறைச்சியை அறுத்துக் கம்பியிற் கோத்து, உப்பிட்டுத் தணலிலே வாட்டுகின்றனர். நம் சங்க இலக்கியத்திலும் இத்தகைய காட்சிகள் உள. கரிகாற் சோழனின் விருந்தோம்பலைக் கூறும் பொருநராற்றுப்படையில், கோலிற் கோத்துச் சுட்ட கொழுத்த ஊனை உண்ட பொருநன், அதன் சூடு தாங்காது வாயின் ஒரு புறமிருந்து மறுபுறத்துக்கு மாற்றி மாற்றி உண்டதாகச் சொல்லுகிறான். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்ற செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. ஊனும் மீனும் இறாலும் அனலில் வாட்டப்பட்டமை இரு நாட்டார்க்கும் பொதுவாயிருந்த வழக்கம் என்பது இவற்றால் விளங்கும்.

மூடிய போறணையின் கதை வேறு. ‘போறணை’ என நாம் வழங்கும் சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. ‘பாண்’ என்பதும் அவ்வாறே. அப்பம் சுடுவதற்கான அக்கூடம் வேறு, இறைச்சி வாட்டும் அடுப்பு வேறு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒன்றுசேர்ந்த வரலாற்றை அறிய நாம் ஐரோப்பாவுக்கு, சிறப்பாக இங்கிலாந்துக்குச் செல்லவேண்டும்.

பழைய ஆங்கிலச் சமையற்கூடத்தில் இறைச்சி தீயின் மேலே வைக்கப்படவில்லை. தீயின் முன்னே, கிடையான கம்பி ஒன்றில் கோக்கப்பட்டு இடைவிடாது சுழற்றப்பட்டது. உருகி வடியும் கொழுப்பைக் கீழேயுள்ள தட்டு ஏந்தியது. கம்பி சுழலாது நின்றால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. ஆகவே அதனை மணிக்கணக்காகச் சுழற்ற ஒருவர் தேவைப்பட்டார். அவர் பெரும்பாலும் ஏழைச் சிறுவரே. ஹாம்ற்றன் கோட் அரண்மனையின் பெரிய சமையற்கூடத்தில் ஆறு பெருந்தீயிடங்கள் இருந்தன. எட்டாம் ஹென்றி மன்னனின் அரண்மனைக்கென 1526ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எல்தம் விதிகள், சமையற்கூடப் பணியாளர் ஆடையின்றி நடமாடுதலையும், இரவிலே அடுப்பருகே படுத்துறங்குதலையும் தடுக்குமாறு கட்டளையிட்டன. அவ்வனலின் கொடுமை எத்தகையது என்பதற்கும், அங்கு உழைத்தோரின் நிலைக்கும் இவ்விதியே சான்றாகும்.

சிறுவரின் இடத்துக்குப் பின்னர் நாய்கள் வந்தன. சுவரிலே பொருத்திய சக்கரத்துக்குள் ஒரு நாயை விட்டு, அது ஓட ஓடக் கம்பி சுழலுமாறு செய்தனர். யோன் கையஸ் என்னும் மருத்துவர் ஆங்கில நாய்களைப்பற்றி 1570இல் வெளியிட்ட இலத்தீன் நூலில் இந்நாயும் இடம்பெற்றுள்ளது. குறுகிய கால்களும் நீண்ட உடலுமுடைய அவ்வினம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அருகி மறைந்தது. பதனிட்ட உடல் ஒன்று வேல்ஸ் நாட்டின் அபர்கவெனி அரும்பொருட்சாலையிற் காக்கப்படுகிறது. பாரம் இறங்குவதால் இயங்கும் பொறிகளும், புகைபோக்கியில் மேலெழும் வெங்காற்றினால் இயங்கும் பொறிகளும் பெருகியபின், இவ்வேலையிலிருந்து மனிதரும் விலங்குகளும் மெல்ல மெல்ல விடுதலை பெற்றனர்.

ஆயினும் மற்றொரு குறை தீரவில்லை. திறந்த தீயின் வெப்பத்திலே பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாய்ப் போயிற்று. விறகும் நிலக்கரியும் வாங்க வகையற்ற ஏழைக்கு வாட்டிய இறைச்சி எட்டாக்கனியாயிற்று. இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர் றம்போட் கோமகன் எனப் பெயர்பெற்ற பெஞ்சமின் தொம்சன். 1753ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த இவர், பவேரிய அரசின் பணியில் அமர்ந்தார். 1790ஆம் ஆண்டுத் தொடக்க நாளில் மியூனிக் நகரத்து இரவலரைத் திரட்டி, அவர்க்கு வேலையும் உணவும் அளிக்கும் இல்லம் ஒன்றிற் சேர்த்தார். பெருந்தொகையினர்க்கு நாள்தோறும் சமைக்கவேண்டியிருந்தமையால், ஒரு பிடி விறகும் வீணாகாத அடுப்பை அமைப்பதில் அவர் சிந்தை சென்றது.

அவர் அமைத்த வாட்டுபோறணை, செங்கற் கட்டினுள் கிடையாகப் பதித்த இரும்பு உருளையாகும். கீழே சிறு தீ எரியும். உருளையின் அடியிலுள்ள குழாய்கள் வழியே வெங்காற்று உட்புகும். ஈரம் மேலுள்ள துளையால் வெளியேறும். சுழற்றுவாரின்றியே இறைச்சி பொன்னிறமாயிற்று. அமெரிக்காவின் போட்ஸ்மத் நகரிலே 1807இல் கட்டப்பட்ட ரண்ட்லெற்-மே இல்லத்தில் இவ்வமைப்பு இடம்பெற்றுள்ளது. ஆனால், மூடிய பெட்டியில் வெந்தது வாட்டிய இறைச்சியாகாது என்று வாதித்தோரும் இருந்தனர். அவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு.

அவ்வுண்மையை விளக்கியது பௌதிகவியல். வெப்பம் செல்லும் வழிகள் மூன்று: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். மூடிய போறணையிற் காற்றின் மேற்காவுகை பெரும்பங்கு வகிக்கிறது. அனலின் முன்னே கதிர்வீசலே தலைமை வகிக்கிறது. 1800ஆம் ஆண்டில் வானியலறிஞர் வில்லியம் ஹேர்ஷல், அரியத்தாற் பிரித்த ஞாயிற்றொளியில் செந்நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் புலப்படாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கும் வெப்பம் ஏறக் கண்டார். செங்கீழ்க் கதிர்கள் இவ்வாறு அறியப்பட்டன. 1879இல் யோசப் ஸ்ரெபான் கண்ட விதியின்படி, ஒரு பொருளின் தனிவெப்பநிலை இருமடங்கானால், அது வீசும் கதிரின் ஆற்றல் பதினாறு மடங்காகிறது. செந்தழலுக்கும் வெறும் வெங்காற்றுக்கும் உள்ள வேறுபாடு இதனாற் புலனாகும்.

வீட்டுப் போறணைக்குள் இக்கதிர்வீசலை மீண்டும் கொணர்வது எவ்வாறு? விறகுத் தீயை உணவுக்கு மேலே நிறுத்தல் இயலாது. சாம்பலும் கரியும் உணவின் மேல் விழும். பழைய சமையற்காரர் ‘சலமாண்டர்’ என்ற நீண்ட பிடியுடைய இரும்புத் தட்டைச் செந்நிறமாகக் காய்ச்சி, உணவுக்கு மேலே பிடித்து மேற்புறத்தைச் சிவக்கவைத்தனர். அதுவும் கை சோரும் வேலையே. நிலக்கரி வாயு வந்தபின்னரே வழி பிறந்தது. நோர்தாம்ரன் நகரத்து ஜேம்ஸ் ஷார்ப் 1826இல் வாயு அடுப்புக்கு உரிமைப்பத்திரம் பெற்று, 1836இல் அதனைச் செய்யும் தொழிற்சாலையை நிறுவினார். நாணயமிட்டால் வாயு தரும் மானிகளும் வாடகை அடுப்புகளும் பரவிய 1890களில், இங்கிலாந்தின் தொழிலாளர் வீடுகளிலும் அது புகுந்தது. சாம்பலற்ற சுவாலையை உணவுக்கு மேலே அமைத்தல் இப்போது எளிதாயிற்று.

மின்சாரம் இதனை நிறைவுசெய்தது. 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ கண்காட்சியில் மின்சமையற்கூடம் ஒன்று காட்டப்பட்டது. எனினும் நெடுநேரம் செந்நிறமாய்க் காய்ந்தும் எளிதிற் சிதையாத கம்பி வேண்டியிருந்தது. நிக்கலும் குரோமியமும் கலந்த அத்தகைய கலப்புலோகத்துக்கு அல்பேட் மாஷ் என்பார் 1906இல் அமெரிக்காவில் உரிமைப்பத்திரம் பெற்றார். போறணையின் கூரையில் இன்று ஒளிரும் கம்பி அக்கண்டுபிடிப்பின் வழிவந்ததே.

இனி, அக்கம்பியின் கீழ் நிகழ்வது யாதெனக் காண்போம். வாட்டுதலால் மேற்புறம் மூடப்பட்டுச் சாறு உள்ளே அடைபடுகிறது என 1847இல் யேர்மன் இரசாயன அறிஞர் லீபிக் எழுதினார். 1930களின் சோதனைகள் அது பொருந்தாதெனக் காட்டின. வாட்டுதலின் பயன் மணமும் நிறமுமே. புரதத்தின் கூறுகளும் வெல்லமும் வெப்பத்தில் ஒன்றோடொன்று தாக்கமுறுவதை 1912இல் பிரெஞ்சு அறிஞர் லூயி மையார் விளக்கினார். ஈரம் உள்ளவரை மேற்புறத்தின் வெப்பநிலை நீரின் கொதிநிலையைக் கடந்து ஏறாது; அதுவரை அத்தாக்கமும் விரைவாய் நடவாது. ஆதலால் இறைச்சியையும் மீனையும் நன்கு துடைத்து உலர்த்தியபின் வாட்டுதல் வேண்டும். மெல்லிய மீனும் இறாலும் கம்பிக்கு அண்மையிற் சில நிமிடங்கள் இருந்தாற் போதும். எலும்போடு கூடிய கோழியை எட்ட வைத்து, உள்ளே 74 பாகை செல்சியஸ் எட்டும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். அன்றேல் புறம் கருகி அகம் வேகாது.

கருகுதலைத் தவிர்க்க வேறு காரணமும் உண்டு. கருகிய மீனிலும் இறைச்சியிலும் மரபணுவைத் தாக்கவல்ல பொருள்கள் இருத்தலை யப்பானிய அறிஞர் சுகிமுறாவும் அவர்தம் குழுவினரும் 1977இல் வெளிப்படுத்தினர். கீழே தணல் இருப்பின் கொழுப்பு அதில் வீழ்ந்து புகைந்து, அப்புகை உணவிற் படியும். மேலிருந்து வாட்டும்போது கொழுப்பு அனலை விட்டு விலகி வடிவதால் இக்கேடு குறைகிறது.

நேயர்களே, சிறுவனின் கையிலிருந்து நாயின் காலுக்கும், அதிலிருந்து பொறிக்கும், இறுதியில் ஒரு மின்கம்பிக்கும் இவ்வேலை மாறிவந்த கதையை இதுவரை பார்த்தோம். ஆனால் இவ்விடுதலை எல்லார்க்கும் கிட்டிவிடவில்லை. உலகில் ஏறத்தாழ 200 கோடி மக்கள் இன்றும் திறந்த தீயிலோ புகை மிகுந்த அடுப்பிலோதான் சமைக்கின்றனர். அப்புகையை மிகுதியாய் உட்கொள்வோர் பெண்களும் அவர்தம் மடியிலிருக்கும் குழந்தைகளுமே. றம்போட் கோமகன் மியூனிக் நகரத்து ஏழைகளுக்காகத் தொடங்கிய பணி இருநூறு ஆண்டுகள் கடந்தும் முற்றுப்பெறவில்லை. நல்ல அடுப்பு ஒவ்வொரு வீட்டையும் சென்றடையும்வரை, அப்பணியைத் தொடர்வது அரசுகளுக்கும் அறிஞர்க்கும் உரிய கடமையாகும்.