பத்தாவது மாடி ஜன்னல்

1971 அக்டோபர் 27. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் ஜான் வோர்ஸ்டர் சதுக்கம் என்ற போலீஸ் தலைமையகம். அதன் பத்தாவது மாடியில் 1026ஆம் எண் அறையில் விசாரிக்கப்பட்டு வந்த அகமது திமோல் கீழே விழுந்து இறந்தார். பள்ளி ஆசிரியர், தடைசெய்யப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சிக்காக ரகசியமாக வேலை செய்தவர். முப்பது வயது நிறைய ஒரு வாரமே இருந்தது. சாலைச் சோதனையில் பிடிபட்டு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

1972இல் மாஜிஸ்திரேட் டி வில்லியர்ஸ் இதைத் தற்கொலை என்றார். 2017இல் நீதிபதி பில்லி மோட்லே கொலை என்றார். ஒரே சாவுக்கு இரண்டு தீர்ப்புகள். இந்த 45 ஆண்டு இடைவெளியில் எந்தச் சான்று மாறியது என்று தேடித்தான் இரண்டு விசாரணைகளையும் அருகருகே வைத்துப் படிக்கத் தொடங்கினேன்.

முதல் விசாரணையின் ஆதாரமே ஒருவருடைய வாக்குமூலம்தான். அவர் நிர்வாக வேலை பார்த்த போலீஸ்காரர் ஜோவாவ் ரொட்ரிகஸ். அறைக்குக் காபி கொண்டுபோனதாகவும், விசாரித்துக்கொண்டிருந்த அதிகாரிகள் வெளியே போனபோது திமோலுக்குத் தான் காவல் இருந்ததாகவும் சொன்னார். கழிப்பறை போக வேண்டும் என்று திமோல் எழுந்தாராம். குறுக்கே நாற்காலி இருந்ததால் இவரால் உடனே எட்டிப் பிடிக்க முடியவில்லையாம். அதற்குள் திமோல் ஜன்னலைத் திறந்து பாய்ந்துவிட்டாராம். நேரம் பிற்பகல் 3.50. தோழர்களைக் காட்டிக்கொடுப்பதைவிடத் தற்கொலையே மேல் என்று கட்சி கட்டளையிட்டதாக ஓர் ஆவணத்தையும் போலீஸ் தரப்பு காட்டியது. கேட்க ஒழுங்கான கதை. ஆனால் அறைக்குள் நடந்ததற்குச் சாட்சி, கைதியைப் பிடித்துவைத்திருந்த போலீஸைத் தவிர வேறு யாரும் இல்லை.

அடுத்துப் பிரேதப் பரிசோதனை விவரங்களுக்கு வந்தேன். கன்றிப்போன இடங்களும் சிராய்ப்புகளும் உடல் முழுக்க இருந்தன. அவற்றில் பல, விழுவதற்கு முன்பே ஏற்பட்டவை. குடும்பத்தின் சார்பில் வழக்கறிஞர்கள் மைசெல்ஸும் ஜார்ஜ் பிசோஸும் இதைத்தான் பிடித்துக்கொண்டு வாதாடினார்கள். மாஜிஸ்திரேட்டோ, அந்தக் காயங்கள் கைதாவதற்கு முன் நடந்த ஏதோ கைகலப்பில் பட்டிருக்கலாம் என்றார். போலீஸ் காவலில் அவர் மனிதாபிமானத்தோடு நடத்தப்பட்டார் என்றும் எழுதினார். எந்தக் கைகலப்பு, யாரோடு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடாமலே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

திமோலோடு சேர்ந்து பிடிபட்டவர் சலீம் எஸ்ஸோப் என்ற மருத்துவ மாணவர். அடியும் மின்சார அதிர்ச்சியும் தாங்காமல் மருத்துவமனைக்குப் போனவர் அவர். உயிர் பிழைத்து, 2017இல் வந்து சாட்சி சொன்னார். தலையை மூடிய ஒருவரை இரண்டு பேர் தாங்கி இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்ததாகவும் அது திமோல் என்று தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். சொந்தக் காலில் நடக்க முடியாதவர் நாற்காலியைத் தாண்டி ஜன்னலுக்குப் பாய்ந்தார் என்பதை எப்படி நம்புவது?

மறுவிசாரணையில் தடயவியல் மருத்துவர்கள் ஷகீரா ஹாலண்டும் ஸ்டீவ் நாயுடுவும் பழைய பரிசோதனை விவரங்களையே மறுபடி ஆராய்ந்தார்கள். மண்டை ஓட்டிலும் தாடையிலும் இருந்த முறிவுகள் விழுவதற்கு முன்பே ஏற்பட்டவை என்றார்கள். விமானப் பொறியாளர் திவாஷ் மூட்லி விழுந்த பாதையைக் கணக்கிட்டுப் பார்த்தார். தானாகப் பாய்ந்தார் என்ற கதை அந்தக் கணக்கோடு பொருந்தவில்லை. உடல் விழுந்ததைக் காலையிலேயே பார்த்ததாக நேரில் கண்டவர்களும் வந்து சொன்னார்கள். காலையில் விழுந்தவருக்கு மாலை நான்கு மணி நெருங்கும் நேரத்தில் காபி கொண்டுபோக முடியாது. ரொட்ரிகஸும் அந்த நீதிமன்றத்துக்கு வந்தார். பழைய கதையையே மறுபடி சொன்னார்.

இரண்டையும் ஒப்பிட்டபின் என் முடிவு இது. கொலையைக் காட்டும் முக்கியமான சான்றை யாரும் புதிதாகத் தோண்டி எடுக்கவில்லை. காயங்கள் 1972இலேயே பதிவாகியிருந்தன. அடிபட்ட எஸ்ஸோப்பும் உயிரோடுதான் இருந்தார். போலீஸின் வாய்ச்சொல்லை எடைபோட்டுப் பார்க்க அன்றைய நீதிமன்றம் தயாராக இல்லை, அவ்வளவுதான். அந்தக் கோப்பை மறுபடி திறக்க வைத்தவர் திமோலின் சகோதரி மகன் இம்தியாஸ் காஜி. பல ஆண்டுகள் அலைந்து தகவல் திரட்டி, 2005இல் மாமாவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தாய் ஹவா திமோல் 1996இல், நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் மகனுக்காகப் பேசினார். மோட்லேயின் தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

திமோல் ஜன்னல் வழியாகவோ கூரையிலிருந்தோ தள்ளப்பட்டார் என்று 2017 அக்டோபர் 12 தீர்ப்பு சொல்கிறது. விசாரித்த அதிகாரிகள் கிளோயும் வான் நீகெர்க்கும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். மிஞ்சியிருந்த ரொட்ரிகஸ் மீது 2018இல் கொலை வழக்குத் தொடரப்பட்டது. வழக்கையே நிறுத்தச் சொல்லி அவர் மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு செய்தார். விசாரணை தொடங்கும் முன்பே, 2021இல் இறந்தார். அகமது திமோலின் கொலைக்காக இதுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.