ஆறாவது சுற்றில் நின்றது

என்னிடம் மெஷின் லேர்னிங் படிக்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் முதலில் ஒரு கோடு போட்ட நோட்டை நீட்டுவேன். லேப்டாப்பைப் பிறகு திறக்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

1999-ல் ஜிஎஸ்டி ரோட்டுக் கல்லூரி ஒன்றில் எம்சிஏ படித்தேன். லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். என் முறை வருவதற்குள் பீரியட் முடிந்துவிடும். அந்த வருஷம்தான் யக்ஞநாராயணாவின் நியூரல் நெட்வொர்க் பாடநூல் வந்தது. தாம்பரத்தில் ரயிலேறி கிண்டியில் இறங்கினால் பஸ்ஸில் எட்டிவிடும் தூரத்தில், சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்தவர் எழுதியது. நூலகத்தில் ஒரே பிரதி, வெளியே தரமாட்டார்கள். உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த ஐஐடியில் 1973-லேயே ஐபிஎம் 370 கணினி வந்திறங்கியது, ஜெர்மானிய உதவியில். கான்பூர் ஐஐடியிலிருந்து வந்த பேராசிரியர் மகாபலா கணினி மையத்தை வளர்த்தார். 80 பத்தி கொண்ட அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாளுக்குக் காத்திருந்த காலம் அது. ஒரு காற்புள்ளி தவறினாலும் மறுபடி வரிசை. அதனால் அந்தத் தலைமுறை, அட்டையைத் தொடும் முன்பே தாளில் ஓட்டிப் பார்த்துவிடும். எனக்குப் பாடம் எடுத்தவர் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர். "மெஷின் இல்லேன்னா என்னம்மா, நீயே மெஷினா இருந்து போடு" என்றார்.

போட்டேன். 1958-ல் ரோசன்பிளாட் அறிவித்த பெர்செப்ட்ரான், ஒரே அடுக்கு கொண்ட நியூரல் நெட்வொர்க். இரண்டு உள்ளீடும் 1 என்றால் மட்டும் விடை 1, மற்றபடி 0. உள்ளீட்டுக்கு ஒன்றாக எடைகள் இரண்டும், சார்பெண்ணும் (பயாஸ்) 0-வில் தொடங்கும். உள்ளீடுகளை எடைகளால் பெருக்கி, சார்பெண்ணோடு கூட்டிய தொகை 0-வைத் தாண்டினால் விடை 1. 1 வரவேண்டிய இடத்தில் 0 வந்தால் உள்ளீட்டை எடையோடு கூட்டு, சார்பெண்ணில் 1 கூட்டு. மாறி வந்தால் கழி. 00, 01, 10, 11 என நான்கு வரியையும் ஒருமுறை போட்டால் ஒரு சுற்று. ஐந்து சுற்றுவரை எங்காவது தப்பிக்கொண்டே இருந்தது. ஆறாவதில் நான்கு வரியும் சரி: எடைகள் 2, 1, சார்பெண் கழித்தல் 2. அந்த எண்களை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பிழைகளே அங்கே கொண்டுபோய் நிறுத்தின. நூலகத்தில் அன்று உடம்பு சிலிர்த்தது.

ஆனால் 'இரண்டில் ஒன்று மட்டும் 1' என்ற கணக்குக்கு எத்தனை சுற்றுப் போட்டாலும் நிற்காது. 1969-ல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் காட்டிய அந்தச் சுவரைக் கையால் முட்டிப் பார்த்தவருக்குத்தான் இன்னொரு அடுக்கு ஏன் வேண்டும் என்பது புரியும்.

இன்று அதே ஐஐடியின் பேராசிரியர் ரவீந்திரன் நடத்தும் மெஷின் லேர்னிங் பாடம் என்பிடெல் இணையதளத்தில் இலவசம்; பிரவுசரிலேயே பைத்தான் ஓடுகிறது. எனக்குக் கிடைக்காதவை எல்லாம் இவர்களுக்குக் கிடைப்பதில் அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் சேலையூரிலிருந்து வந்த இரண்டாம் வருஷப் பையன், நோட்டைப் பிடித்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தான். நாலாவது சுற்றில் அடித்து அடித்துத் திருத்தினான். "மேடம், நான் தப்பா போடுறேனா?" என்றான்.

"இல்லப்பா, அதுதான் தப்பா போடுது. நீ அடுத்த வரியப் போடு."