புயல் வெள்ள ஆயத்தப் பொருட்கள் (விருத்தாசலம் வட்டாரம்)

புயலும் வெள்ளமும் மின்சாரத்தையும் குடிநீரையும் கடைவீதியையும் முடக்கிவிடும் நாட்களில், வெளி உதவி வந்து சேரும்வரை ஒரு குடும்பம் தாக்குப்பிடிக்க உதவும் மலிவான கருவிகளும் அவற்றைக் கையாளும் பழக்கங்களும் ஆயத்தப் பொருட்கள் எனப்படும். கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள விருத்தாசலம் வட்டாரத்தில் இவற்றுள் பல மண்ணால் ஆனவை. எனவே இப்பொருட்களின் வரலாறு அவ்வூரின் மட்பாண்ட, பீங்கான் தொழில்களின் வரலாற்றோடு பிணைந்துள்ளது.

சூழல்

திருமுதுகுன்றம், பழமலை என்னும் பழம்பெயர்களை உடைய விருத்தாசலம் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ளது. இந்த ஆறு பின்னர் வெள்ளாற்றில் கலக்கிறது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவை கடலை அடையும் வடிகால் நிலமாகக் கடலூர் மாவட்டம் இருப்பதால், மேற்கு மாவட்டங்களில் பெய்யும் மழையும் இங்கே வெள்ளமாக வந்து இறங்கும். ஏரிகளும் ஓடைகளும் தூர்ந்துபோனதும் இவ்வெள்ளங்களைப் பெருக்கியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலமே ஆபத்து மிகுந்தது.

2011 டிசம்பர் 30 அன்று காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் அழித்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டிகள் நிரம்பவில்லை. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்து, பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் உயிர்கள் பலியாயின. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையின் வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. இந்நிகழ்வுகளில் முதலில் போவது மின்சாரம். அதைத் தொடர்ந்து போவது குடிநீர். ஆயத்தத்தில் நீருக்கு முதலிடம் தரப்படுவதன் காரணம் இதுவே.

மண்கலங்களின் வகைப்பாடு

மண்கலங்களைச் சுடும் வெப்பத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிப்பது மரபு.

1. சுடுமண் கலம்: பெரும்பாலும் 1,000 டிகிரி செல்சியசுக்குக் கீழ் சுடப்படுவது. சுவரில் நுண்துளைகள் இருப்பதால் நீர் கசிந்து ஆவியாகி, உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. பானை, குடம், சட்டி, அகல், கூரை ஓடு ஆகியவை இவ்வகை.

2. கற்பாண்டம்: 1,200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுடப்படுவது. துளைகள் அடைபட்டுக் கல்போல் இறுகும். ஊறுகாய் ஜாடி இதற்கு எடுத்துக்காட்டு. உப்பும் புளியும் இதை அரிப்பதில்லை.

3. பீங்கான்: வெண்களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவை கலந்து 1,300 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுடப்படுவது. நீரை உறிஞ்சாது, மின்சாரத்தையும் கடத்தாது. மின்கம்பத்து இன்சுலேட்டரும் ஃபியூஸ் கட்டையும் இதனால் ஆனவை.

ஆயத்தத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. குடிநீரைக் குளிர்விக்கவும் வடிகட்டவும் சுடுமண்ணே தகும். உப்பு, புளி, ஊறுகாய் போன்றவற்றை ஈரம் படாமல் மாதக்கணக்கில் காக்கக் கற்பாண்டம் வேண்டும். மெருகு பூசிய அலங்காரக் கலங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், மெருகின் தன்மை தெரியாத கலத்தில் புளிப்புப் பண்டம் வைக்கலாகாது. வெள்ளநீர் தொட்ட சுடுமண் பானையைக் கழுவி மீண்டும் குடிநீருக்குப் பயன்படுத்துவதும் தவறு. துளைகளுக்குள் புகுந்த அழுக்கு தேய்த்தாலும் போகாது. பானையை மாற்றிவிட வேண்டும்.

அளவைக் கொண்டும் கலங்களைப் பிரிப்பதுண்டு. தாழி, மிடா, சால் என்பவை பெரியவை. வீட்டுச் சேமிப்புக்கு உரியவை. குடம் தூக்கிச் செல்வதற்கானது. தோண்டி கிணற்றில் மொள்வதற்கானது. கலயம் ஒருவர் குடிக்கும் கஞ்சிக்கோ மோருக்கோ போதுமானது. நெல்லுக்கும் விதைக்கும் உரிய குதிர் தனி வகை. மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாணம் மெழுகி எழுப்பப்படும் இதன் அடியில் தானியம் எடுக்க ஒரு துளை இருக்கும். உயர்ந்த மேடைமேல் நிறுத்தப்பட்ட குதிர், முற்றத்தில் நீர் தேங்கினாலும் அடுத்த போகத்து விதையைக் காத்தது.

பண்டை வரலாறு

கடலூர் வட்டாரத்தில் மண்கலத் தொழில் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. பண்ருட்டிக்கு அருகே மருங்கூரில் தமிழி எழுத்துப் பொறித்த ஈமக் கலங்கள் கிடைத்தன; 2024இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியது. கடலூரை அடுத்த காரைக்காட்டிலும் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் ரோமானிய ஆம்போராக் கலங்களின் உடைசல்கள் கிடைத்துள்ளன. அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழாய்வு செய்தார். மதுவும் ஆலிவ் எண்ணெயும் கடல் கடந்து கெடாமல் வந்தது இத்தகைய கலங்களில்தான். நீண்ட பயணத்துக்கு ஏற்ற கொள்கலன் என்னும் பொருளில் ஆம்போராவை ஆயத்தப் பொருள்களின் முன்னோடி எனலாம்.

அரிக்கமேட்டிலும் கீழடியிலும் காணப்பட்ட உறைக்கிணறுகள் சுடுமண் வளையங்களால் ஆனவை. மணற்பாங்கான நிலத்தில் பக்கச் சுவர் சரியாமல் குறைந்த ஆழத்து நீரை எடுக்க இம்முறை உதவியது. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் வழக்கமும் பழையது. தேற்றா விதையால் நீர் தெளிவது கலித்தொகையில் உவமையாக வந்துள்ளது. தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசி நீரை ஊற்றி வைத்தால் கலங்கல் அடியில் படியும். முருங்கை விதைத் தூளிலுள்ள நேர்மின்னேற்றப் புரதமும் படிகாரமும் இதே வேலையைச் செய்கின்றன. இவை கலங்கலை நீக்குமே தவிர, கிருமியை முற்றாக நீக்குவதில்லை.

பீங்கான் தொழில்

விருத்தாசலத்தின் நவீனப் பீங்கான் தொழில் வட்டாரக் களிமண்ணையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் மேல்மண்ணில் கிடைக்கும் வெண்களிமண்ணையும் நம்பி வளர்ந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. பின்னர் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் அமைந்தன. தொழிற்பேட்டையின் சிறு கூடங்களில் இன்சுலேட்டர், ஃபியூஸ், பொம்மை, அகல் விளக்கு ஆகியவை செய்யப்படுகின்றன.

நீர்

குடிப்பதற்கும் சமையலுக்கும் ஒருவருக்கு ஒரு நாளில் குறைந்தது 2.5 முதல் 3 லிட்டர் நீர் வேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று குடம். புயல் எச்சரிக்கை வந்ததும் இதை நிரப்பி மூடி வைப்பது செலவே இல்லாத ஆயத்தம்.

தூய்மையாக்க எளிய வழி கொதிக்க வைத்தல். நீர் கொப்புளித்துக் கொதித்தால் போதும். பிளீச்சிங் பவுடர் எனில், தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் என்பது பொதுச் சுகாதார நூல்கள் தரும் அடிப்படை அளவு. கலந்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பழைய பொடியில் குளோரின் வீரியம் குறைந்திருக்கும். கலங்கிய நீரில் அதன் வேலை குறையும். எனவே துணியால் வடிகட்டித் தெளியவிட்ட பிறகே கலப்பது முறை. விறகும் குளோரினும் இல்லாதபோது, தெளிந்த நீரை 2 லிட்டருக்கு மிகாத நிறமற்ற பெட் பாட்டிலில் அடைத்து முழு வெயிலில் 6 மணி நேரம் வைக்கலாம். மேகமூட்டமெனில் இரண்டு நாள் தேவை. புயலை ஒட்டிய நாட்களில் வெயில் அரிது என்பது இம்முறையின் குறை.

மண்ணால் ஆன வடிகட்டி இவற்றுள் நீண்டகாலப் பயனுடையது. லண்டனில் டூல்டன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டில் செய்த பீங்கான் வடிகட்டியே வீடுகளில் காணும் கேண்டில் ஃபில்டரின் மூதாதை. களிமண்ணுடன் உமியையோ மரத்தூளையோ கலந்து சுட்டால், அது எரிந்துபோன இடமெல்லாம் நுண்துளையாகும். இத்தத்துவத்தில் குவாத்தமாலாவின் ஃபெர்னாண்டோ மஸாரியேகோஸ் 1981இல் உருவாக்கிய பானை வடிகட்டி மணிக்கு 1 முதல் 3 லிட்டர் வரை வடிக்கும். வெள்ளிக் கூழ்மம் பூசப்பட்டால் பாக்டீரியாவைப் பெரும்பாலும் தடுக்கும். வைரசை அவ்வாறு தடுக்காது. புவனேசுவரத்தில் உள்ள மத்திய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்று செம்மண், ஆற்றுமணல், மரத்தூள் கொண்டு டெராஃபில் என்னும் வடிகட்டியை உருவாக்கியது. களிமண்ணும் உமியும் விருத்தாசலம் வட்டாரத்தில் குறைவின்றிக் கிடைப்பவை.

குளிர்காப்பு

மின்சாரம் நின்றால் இன்சுலின் போன்ற மருந்துகள் சூடேறும். ஒரு பானைக்குள் மற்றொரு பானையை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, வாயை ஈரத்துணியால் மூடும் இரட்டைப் பானை முறை இதற்கு உதவும். நைஜீரியாவின் மொகம்மது பா அப்பா 1995 அளவில் இதைப் பரப்பினார். 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் மன்சுக்பாய் பிரஜாபதி உருவாக்கிய மண் குளிர்பெட்டியும் இவ்வினமே. வறண்ட சித்திரை வெயிலில் நன்கு குளிரும் இப்பானை, ஈரப்பதம் மிக்க கார்த்திகையில் குறைவாகவே குளிரும். மருந்துப் புட்டியை நீர் படாதபடி பிளாஸ்டிக் பையிலிட்டு உள்ளே வைக்க வேண்டும்.

ஒளியும் நெருப்பும்

கார்த்திகைத் தீபத்துக்கு வாங்கிய அகல்கள் புயல் பருவத்தில் வீட்டிலேயே இருப்பது இயல்பான ஆயத்தம். காற்றில் அணையாமல் இருக்க அரிக்கேன் விளக்கு பயன்பட்டது. இன்று டார்ச்சும் சோலார் விளக்கும் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. திறந்த சுடரைக் கீற்றுக் கூரையின் அருகிலோ, தூங்கும் அறையிலோ விடலாகாது.

நெய்வேலி நிறுவனம் பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கி, கரியாக்கி விற்ற லெகோ என்னும் புகையில்லா எரிபொருள் ஒரு காலத்தில் வட்டாரத்து அடுப்புகளில் எரிந்தது. இன்று குமுட்டி அடுப்பும் அடுப்புக்கரியும், அல்லது ஒரு கட்டு உலர்ந்த விறகும் இருந்தாலே போதும். மூடிய அறையில் கரி எரிந்தால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கும். கதவையோ சன்னலையோ திறப்பது மட்டும் போதாது; கரி அடுப்பை வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில்தான் எரிக்க வேண்டும்.

மிதவை, கயிறு, கூரை

நீச்சல் பழகும் சிறுவர் முதுகில் கட்டிக்கொண்ட சுரைக்குடுக்கையே பழைய மிதவை. மூடி இறுகிய காலி கேன் அதே வேலையைச் செய்கிறது. 20 லிட்டர் கேன் ஏறத்தாழ 20 கிலோ மிதப்பு தரும். ஒருவரைத் தலை நீருக்கு மேலிருக்கும்படி தாங்க அதில் பாதி போதும். கேனில் நைலான் கயிறு கட்டி, தத்தளிப்பவரிடம் கரையிலிருந்து எறிவதே சரி. ஓடும் வெள்ளத்தில் இறங்குவது ஆபத்தானது: 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் ஆளைச் சாய்க்கும், 60 சென்டிமீட்டர் ஆழ நீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும். ஓடு பறந்த கூரைக்குத் தார்ப்பாயும் கயிறும், வாசல் நீருக்கு மணல் நிரப்பிய பழைய சிமென்ட் சாக்குகளும் போதும்.

உணவு, மருந்து, ஆவணம்

அவல், பொரி, வறுத்த கடலை, வெல்லம், சத்துமாவு ஆகியவை அடுப்பின்றி உண்ணத் தக்கவை. வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் தூய நீரில் 6 சமதேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். வெள்ளத்தில் பாம்புகள் வீட்டுக்குள் ஏறும். எனவே இரவில் விளக்கும் கால்மறைப்பும் வேண்டும். கடிபட்டால் கட்டுப் போடாமலும் கீறாமலும் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குடும்ப அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கட்டிய பிளாஸ்டிக் உறையில் உயரமான இடத்தில் வைப்பது நன்று. மூன்று முறை விசில் ஊதுவது உதவி கேட்கும் அடையாளம்.

தற்கால நிலை

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கைகளையும் முகாம்களையும் கவனிக்கிறது; உதவிக்கு 1070, 1077, 108 ஆகிய எண்கள் உள்ளன. பிளாஸ்டிக் குடமும் கேன் தண்ணீரும் பரவியபின் மண்பானைகள் பெரும்பாலும் கோடையில்தான் விற்பனையாகின்றன.