வீட்டுக்குள்ளும் முகக்கவசம்

2003 மார்ச் கடைசியில் டொரண்டோ நகரத்துச் செவிலியர் பலருக்கு ஒரு புதிய உத்தரவு வந்தது. வேலைக்குப் போகலாம், வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம், வேறெங்கும் போகக் கூடாது. பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறக் கூடாது. வீட்டுக்குள்ளும் முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். தனி அறையில் படுத்து, தனியாகச் சாப்பிட வேண்டும். பிள்ளைகளைத் தொடக் கூடாது. ‘வேலைத் தனிமை’ என்று அதற்குப் பெயர். பத்து நாள் கணக்கு. பத்தாவது நாளுக்குள் வார்டில் மறுபடி நோய்த் தொடர்பு ஏற்பட்டுவிட்டால் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும்.

இந்த உத்தரவுக்குக் காரணமான சார்ஸ் என்ற தொற்றுநோய் அந்த நகரத்துக்குள் வந்தது ஸ்கார்பரோ பகுதி வழியாக. ஈழத்திலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் வாழும் அதே ஸ்கார்பரோதான். ஹாங்காங் போய்த் திரும்பிய ஒரு மூதாட்டி மார்ச் 5 அன்று வீட்டிலேயே இறந்தார். இரண்டு நாள் கழித்து அவர் மகன் காய்ச்சலும் இருமலுமாக அங்குள்ள மருத்துவமனைக்கு வந்தார். அவசர சிகிச்சைப் பிரிவில் மற்ற நோயாளிகளுக்கு நடுவே இரவு முழுவதும் கிடந்தார். ஆசியாவில் புதுவகை நிமோனியா ஒன்று கிளம்பியிருக்கிறது என்ற செய்தி அந்தப் பிரிவில் இருந்தவர்களுக்கு எட்டியிருக்கவில்லை. அதே மார்ச் 7 அன்று, ஹாங்காங்கிலிருந்து வந்த இன்னொரு பயணி வான்கூவர் மருத்துவமனைக்குள் நுழைந்தார். சில நிமிடங்களில் அவரைத் தனிமைப்படுத்தினார்கள்; அவரிடமிருந்து நோய் பரவவில்லை. டொரண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்திலோ 375 பேருக்கு நோய் வந்தது, 44 பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் 45 சதவீதம் மருத்துவப் பணியில் இருந்தவர்கள்.

இந்தச் செவிலியர்களின் மனம் எந்த நிலையில் நோயை எதிர்கொண்டது என்பதைப் புரிந்துகொள்ள ஆறு வருடம் பின்னால் போக வேண்டும். 1997-ல் மாகாண முதல்வர் மைக் ஹாரிஸ் மருத்துவமனைச் செலவைக் குறைத்தபோது ஆயிரக்கணக்கான செவிலியர் வேலையிழந்தார்கள். ஹூலா ஹூப் வளையத்துக்கு மவுசு போனதும் அதைச் செய்த தொழிலாளர்கள் வேறு வேலை தேடிக்கொண்டதை அவர் அப்போது உதாரணமாகச் சொன்னார். மிச்சமிருந்தவர்களில் பலருக்கு முழுநேர வேலை கிடையாது. ஒரு மருத்துவமனையில் இரண்டு ஷிப்டு, இன்னொன்றில் மூன்று ஷிப்டு என்று ஓடிச் சம்பாதித்தார்கள். சார்ஸ் வந்ததும், நோயை இடம் மாற்றிவிடுவார்கள் என்று, ஏதாவது ஒரே இடத்தில் மட்டும் வேலை பார்க்கச் சொன்னார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி போயிற்று. கூடவே, நான்தான் எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேனோ என்ற நெருடலும் வந்து உட்கார்ந்தது.

அது வெறும் கற்பனைப் பயமில்லை. ஸ்கார்பரோ மருத்துவமனையின் ஊழியர்களே நோயில் விழுந்தபோது, அவர்களை வைத்துப் பார்க்க வெஸ்ட் பார்க் என்ற பழைய காசநோய் மருத்துவமனையில் அவசரமாக இடம் ஒழித்தார்கள். அங்கே பணிபுரிய முன்வந்தவர்களில் டெக்லா லின் ஒருவர். வயது 58. அவருக்கும் சார்ஸ் தொற்றியது, அவரிடமிருந்து அவர் கணவருக்கும் தொற்றியது. கணவர் முதலில் இறந்தார். டெக்லா லின் ஜூலை 19 அன்று இறந்தார். நகரத்தின் ஒவ்வொரு செவிலியரும் டூட்டி முடிந்து வாசற்கதவைத் திறக்கும்போது எதை நினைத்து நடுங்கினார்களோ, அது அந்த வீட்டில் அப்படியே நடந்தது.

அந்த நடுக்கத்தை எண்ணிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஏப்ரல் நடுவில், நோய் இன்னும் அடங்காத நேரத்தில், டொரண்டோவின் ஒரு பெரிய மருத்துவமனையில் ஊழியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். இரண்டாயிரம் பேர் பதில் எழுதினார்கள். மொத்தத்தில் 29 சதவீதம் பேருக்கு மன உளைச்சல் இருப்பதாகத் தெரிந்தது. செவிலியரை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது 45 சதவீதம். மருத்துவர்களிடையே அதில் பாதிகூட இல்லை. நோயாளியின் அருகில் மணிக்கணக்கில் நிற்பவர் யார் என்பதை இந்த எண்களே காட்டிக்கொடுக்கின்றன.

மே மாதம் ஊர் மூச்சுவிட்டது. மே 17 அன்று மாகாண அவசரநிலை விலக்கப்பட்டது; மருத்துவமனைகளில் கெடுபிடிகள் தளர்ந்தன. ஆனால் நார்த் யார்க் பொது மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் முதியவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராக நிமோனியா வந்துகொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் வருகிற வழக்கமான காய்ச்சல்தான் என்றார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் ஒரே அறிகுறியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். செவிலியர் சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னார்கள். மே 20 அன்று நடந்த கூட்டத்தில், இது சார்ஸ் இல்லை என்று அவர்களுக்குச் சமாதானம் சொல்லப்பட்டது. மூன்றே நாளில், மே 23 அன்று, சார்ஸ் திரும்பிவிட்டது என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அந்த எலும்பு வார்டில் வேலை பார்த்த நீலியா லரோசா ஜூன் 29 அன்று இறந்தார். கனடாவில் சார்ஸுக்குப் பலியான முதல் செவிலியர் அவர்.

நோயின் பயத்தை இந்தப் பெண்கள் தாங்கிக்கொண்டார்கள். கண்ணால் கண்டு சொன்னதை யாரும் காதில் வாங்காததுதான் ஆறாத புண்ணானது. பின்னால் வந்த ஆய்வும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. சார்ஸ் ஓய்ந்து ஒன்று முதல் இரண்டு வருடம் கழித்து, நோயாளிகளைப் பார்த்த டொரண்டோ மருத்துவமனைகளின் ஊழியர்களையும், சார்ஸ் எட்டிப் பார்க்காத ஹாமில்டன் நகர மருத்துவமனைகளின் ஊழியர்களையும் ஒப்பிட்டார்கள். மன உளைச்சல் டொரண்டோவில் 45 சதவீதம், ஹாமில்டனில் 30. வேலையில் மனம் வெறுத்துச் சோர்ந்தவர்கள் இங்கே 30 சதவீதம், அங்கே 19. போதிய பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் தங்களுக்குக் கிடைத்தன என்று உணர்ந்தவர்கள் குறைவாகவே பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

தங்களைக் காக்கத் தவறியதாக 53 செவிலியர் மாகாண அரசின் மீது வழக்குப் போட்டார்கள். அவர்களுக்குத் தனிப்பட்ட முறையில் அரசு கடமைப்பட்டதல்ல என்று 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆனால் நீதிபதி ஆர்ச்சி கேம்பலின் விசாரணை ஆணையம் 2007 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை அவர்கள் பக்கம் நின்றது. அறிவியல் உறுதி செய்யட்டும் என்று காத்திராமல் முதலில் ஊழியரைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் அடிநாதம். மாகாணம் ஐந்தரைக் கோடி என்95 முகக்கவசங்களை வாங்கிக் கிடங்கில் அடுக்கியது. அடுக்கியதோடு சரி. 2017-ல் தணிக்கை நடந்தபோது அவசரகால இருப்பில் 80 சதவீதத்துக்கு மேல் காலாவதியாகியிருந்தது.

கொரோனா வந்தபோது சில முதியோர் இல்லங்களில் செவிலியருக்கு என்95 கொடுக்க மறுத்தார்கள். ஒண்டாரியோ செவிலியர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 ஏப்ரல் 23 அன்று நீதிபதி எட்வர்ட் மோர்கன் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். நோயாளியின் அருகில் நிற்கும் செவிலியரே நிலைமையைப் பார்த்து, என்95 வேண்டும் என்று முடிவு செய்தால், இல்லம் அதைக் கொடுத்தாக வேண்டும் என்றானது.