சேராத வாயுக்களின் கதை

ஜூரோங்கிலுள்ள கப்பல் பட்டறை ஒன்றில் என் தங்கை மகன் வேலை பார்க்கிறான். சென்ற பள்ளி விடுமுறையில் அவனைக் காணச் சென்றபோது, "எங்களுக்கு ஆர்கன் வெல்டிங்தான் மாமா" என்றான். ஆர்கன் எதற்கு என்று கேட்டேன். "காற்றுப் படாமல் காக்க" என்றான். விடை சரியே. ஆயினும் ஆர்கனும் காற்றின் ஒரு பகுதிதானே? நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு அதுவே. உருகி நிற்கும் எஃகைப் பிராணவாயு பாய்ந்து பற்றுகிறது. அருகிலிருக்கும் ஆர்கனோ தீண்டுவதே இல்லை. இஃது ஏன்? இவ்வினாவின் வரலாறு பழைய சென்னை மாகாணத்தில் தொடங்குகிறது.

1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதைக் காணப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் குண்டூரில் கருவிகளை நிறுவியிருந்தார். சென்னை வானாய்வுக்கூடத்தின் போக்சன் மசூலிப்பட்டினம் சென்றிருந்தார். சூரியனின் விளிம்பில் எழுந்த சுடர்களின் ஒளியைப் பிரித்தபோது மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. சோடியத்தின் கோடுதானோ என்றால், அதனோடு சரியாகப் பொருந்தவில்லை. அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் கிரகணமின்றியே அக்கோட்டைக் கண்டார். புவியில் அறியப்படாத மூலகம் என்று துணிந்து ஹீலியம் எனப் பெயரிட்டார். பலர் நம்பவில்லை.

பின்னர் ராலே பிரபு நைட்ரஜனை நிறுத்துப் பார்த்தார். காற்றிலிருந்து பெற்றது லிட்டருக்கு 1.257 கிராம், ரசாயனப் பொருள்களிலிருந்து பெற்றது 1.250 கிராம். இச்சிறு வேற்றுமையை அவர் அலட்சியம் செய்யாததால் 1894இல் அவரும் ராம்சேயும் ஆர்கனைக் கண்டனர். கிரேக்க மொழியில் அப்பெயருக்குச் சோம்பேறி என்பது பொருள். 1895இல் ராம்சே யுரேனியக் கனிமமொன்றிலிருந்து ஹீலியத்தைப் பிடித்தார். 1898இல் டிராவர்சுடன் சேர்ந்து கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் கண்டார். (டாட்டா தொடங்க எண்ணிய ஆராய்ச்சிக் கழகத்திற்குப் பெங்களூரே தக்க இடம் என்று கூறியவர் இந்த ராம்சேதான். அதன் முதல் இயக்குநராக வந்தவர் டிராவர்சு.) எதனோடும் கூடாத இக்குடும்பத்திற்கு மெண்டலீவின் 1869ஆம் ஆண்டு அட்டவணையில் இடமில்லை, புதியதொரு பத்தி சேர்க்க வேண்டியதாயிற்று.

காரணம் விளங்க 1916 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவில் லூயிசும் ஜெர்மனியில் கோசெலும் தனித்தனியே ஒரே கருத்தை வெளியிட்டனர். அணுவின் எலெக்ட்ரான்கள் கூடு கூடாக அமைந்துள்ளன. ரசாயன வினையில் ஈடுபடுவது புறக்கூடே என்பது அது. சோடியத்தில் 2, 8, 1 என்ற அமைப்பு. புறத்தேயுள்ள அந்த ஒற்றை எலெக்ட்ரானை அது எளிதில் இழக்கும். ஆதலால் தண்ணீரில் இட்டால் சீறுகிறது. குளோரினில் 2, 8, 7. அதற்கு ஒன்று குறைவு. ஒன்று கொடுக்க, மற்றொன்று வாங்க, நம் அடுக்களை உப்பு பிறக்கிறது. ஆர்கனிலோ 2, 8, 8. கொடுக்கவும் வேண்டா, வாங்கவும் வேண்டா. ஹீலியத்தின் ஒரே கூட்டிற்கு இரண்டே போதும்.

எண்ணிக்கை மட்டுமே எல்லாம் அன்று. பொட்டாசியத்திற்கும் புறத்தே ஓர் எலெக்ட்ரான்தான். ஆனால் அது நான்காம் கூட்டில், அணுக்கருவிற்குத் தொலைவில், உள் எலெக்ட்ரான்களின் மறைவில் இருப்பதால் கருவின் பிடி தளர்ந்திருக்கிறது. எனவே பொட்டாசியம் சோடியத்தினும் வேகமாக வினைபுரிகிறது. இதை ஒவ்வோராண்டும் மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், இதே நியாயம் எட்டு நிரம்பிய கூட்டிற்கும் பொருந்துமே என்று எண்ணியதுண்டா? நான் எண்ணியதில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் "இவை ஒருபோதும் சேரா" என்று மனனம் செய்தேன். அப்படியே பல ஆண்டுகள் ஒப்பித்தேன்.

நான் பிறப்பதற்கு முன்பே அது பொய்யாகியிருந்தது. செனானின் புறக்கூடு ஐந்தாவது, பிடி தளர்ந்தது. செனான் புளோரினோடு சேரக்கூடும் என்று 1933இலேயே பாலிங் கருதினார். ஆனால் அப்போது முயன்றவர்கள் வெற்றி பெறவில்லை. வான்கூவரில் ஆசிரியராயிருந்த பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாபுளோரைடு என்னும் செந்நிற வாயு பிராணவாயுவின் மூலக்கூற்றிலிருந்தே ஓர் எலெக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டார். அதைப் பறிக்க வேண்டிய ஆற்றலும் செனானிலிருந்து பறிக்க வேண்டிய ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே என்பதைப் பாடநூல் வரைபடம் ஒன்றைப் பார்க்கையில் உணர்ந்தார். 1962 மார்ச் 23ஆம் நாள் மாலை, ஆய்வுக்கூடத்தில் தனியே, இரு வாயுக்களையும் கலக்கவிட்டார். நொடியில் மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. ஜூரோங்கில் தேசிய இரும்பு உருக்காலைக்கு அடிக்கல் நாட்டியதும் அதே ஆண்டில்தான்.

ஆர்கன் நெடுங்காலம் பணியவில்லை. 2000ஆம் ஆண்டில் ஹெல்சின்கி ஆய்வாளர்கள் அதை ஹைட்ரஜனோடும் புளோரினோடும் பிணைத்துக் காட்டினர். அச்சேர்மம் சுமார் மைனஸ் 246 டிகிரிக்கு மேல் நிலைப்பதில்லை. என் மருமகனின் சிலிண்டரில் உள்ள ஆர்கனுக்கு அந்தக் குளிர் எட்டப்போவதில்லை. அவன் பற்றவைக்கும் குழாய்க்கும் ஆபத்தில்லை.