இரண்டு பியானோக்களுக்கு நடுவே ஒரு பெண்

நண்பரான ஆசிரியர் ஒருவரின் கணினியில் பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படமொன்றின் சில நிமிடக் காட்சியைப் பார்க்கக் கிடைத்தது. 1943இல் வெளிவந்த ‘த ஹீட்ஸ் ஒன்’ என்ற ஹொலிவூட் படம். இரண்டு பெரிய பியானோக்கள். ஒன்று கறுப்பு, மற்றையது வெள்ளை. நடுவே ஒரு கறுப்பினப் பெண் அமர்ந்து இரண்டையும் ஒரேநேரத்தில் வாசிக்கிறார். ஏதோ வித்தை காட்டுகிறார் என்றுதான் முதலில் எண்ணினேன். யார் இவர் என்று தேடிப் போன பிறகுதான், அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு வேலைநிறுத்தமே இருந்தது தெரிந்தது.

அவர் பெயர் ஹேசல் ஸ்கொட். 1920 ஜூன் 11இல் டிரினிடாட்டின் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் பிறந்தவர். தாய் அல்மா பியானோ கற்றவர். 1924இல் குடும்பம் நியூயோர்க்கின் ஹார்லமுக்கு வந்த பின்னர், அந்தத் தாய் சக்ஸபோனும் பழகி, பெண்களே வாசிக்கும் இசைக்குழுவை நடத்திப் பிள்ளையை வளர்த்தார்.

எட்டு வயதில் ஹேசலை ஜூலியார்ட் இசைக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே சேரக் குறைந்த வயது 16. சிறுமி ரக்மனினோவின் ‘பிரிலூட்’ ஒன்றை வாசித்தாள். ஒன்பது வெள்ளைக் கட்டைகளின் அகலத்துக்குக் கை விரிய வேண்டிய இடங்களில், தன் சின்னக் கை எட்டாததால், ஆறு கட்டைகளுக்குள் அடங்கும் சுரங்களைத் தானே தெரிந்து போட்டு வாசித்தாள் என்று சொல்லப்படுகிறது. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. பேராசிரியர் ஒஸ்கார் வாக்னர் அவளைத் தன் தனிப்பட்ட மாணவியாக ஏற்றுக்கொண்டார். வயது போதாது என்று கோப்பை மூடிவிடாத அந்த மனிதர் மீது, ஆசிரியன் என்ற வகையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் அமரக்கூடிய இடமாக ‘கஃபே சொசைட்டி’ என்ற இரவு விடுதியை பார்னி ஜோசப்சன் 1938இன் கடைசியில் திறந்தார். அடுத்த ஆண்டே ஹேசல் அங்கு நட்சத்திரமானார். பாக், லிஸ்ட், ஷோபின் ஆகியோரின் ஆக்கங்களை முதலில் எழுதியபடியே சுத்தமாக வாசிப்பார். பின்னர் இடது கை மெல்ல வழி மாறும். ஓயாமல் உருளும் ‘பூகி-வூகி’ தாளத்தை அது பிடித்துக்கொள்ள, வலது கை அதே மெட்டை எதிர்பாராத இடங்களில் அழுத்தி உடைத்துப் போடும். சாஸ்திரிய இசைக்காரர்கள் சிலர் இதைப் புனிதக் கேடு என்றனர். ஜாஸ் விமர்சகர்கள் சிலருக்கு இது வெறும் வேடிக்கை. இரு வீட்டுக்கும் உரியவரை இரு வீட்டாரும் வாசலிலேயே நிறுத்துவது நமக்குப் புதிதல்லவே.

இசை கூடுமா கூடாதா என்ற நம்மவரின் வாதத்தை நான் இங்கு இழுக்கவில்லை. நான் எழுத வந்தது மானம் பற்றி.

வேலைக்காரி வேடம் போட மாட்டேன் என்பது ஹேசலின் நிபந்தனை. ‘த ஹீட்ஸ் ஒன்’ படத்தில் போருக்குப் போகும் கணவன்மாரை வழியனுப்பும் கறுப்பினப் பெண்களுக்கு அழுக்கு ‘ஏப்ரன்’ கட்டிவிட்டார்கள். புருஷனை வழியனுப்ப எந்தப் பெண் அழுக்கு உடையில் வருவாள் என்பது அவருடைய கேள்வி. தனக்கு அந்த உடை தரப்படாதபோதும், மற்றவர்களுக்காக மூன்று நாட்கள் படப்பிடிப்புக்கு வர மறுத்தார். உடை மாறியது. ஆனால் ஹொலிவூட்டின் கதவும் மெல்லச் சாத்தப்பட்டது. ஐந்து படங்களோடு சரி.

1945இல் காங்கிரஸ் உறுப்பினர் அடம் கிளேட்டன் பவலை மணந்தார். அதே ஆண்டு வொஷிங்டனின் கொன்ஸ்டிடியூஷன் மண்டபம் அவருக்கு மறுக்கப்பட்டது. காரணம் நிறம்தான். இனம் பிரித்து அமர்த்தப்பட்ட சபைக்கு வாசிப்பதில்லை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தார். 1949இல் வொஷிங்டன் மாநிலத்தின் பாஸ்கோ நகரில் ஓர் உணவகம் சாப்பாடு தர மறுத்தபோது வழக்குத் தொடுத்து வென்றார். கிடைத்த இழப்பீடு 250 டொலர்.

1950 ஜூலை 3இல் டுமோன்ட் தொலைக்காட்சியில் ‘ஹேசல் ஸ்கொட் ஷோ’ தொடங்கியது. அமெரிக்காவில் தன் பெயரிலேயே தொலைக்காட்சி நிகழ்ச்சி பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ‘ரெட் சனல்ஸ்’ என்ற பிரசுரம் வெளிவந்திருந்தது. கம்யூனிஸ்ட் சார்புடையோர் என 151 கலைஞர்களின் பெயர்ப் பட்டியல். ஹேசலின் பெயரும் அதிலே.

யாரும் அழைப்பாணை அனுப்பவில்லை. தானாகவே செப்டெம்பர் 22ஆம் திகதி காங்கிரஸின் விசாரணைக் குழு முன் போய் நின்றார். தான் கம்யூனிஸ்ட் அல்ல என்றார். ஆதாரமின்றிப் பெயர் எழுதிப் பிழைப்பைக் கெடுக்கும் முறையைக் கண்டித்தார். ஒரு வாரத்தில், 29ஆம் திகதி, நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. போகாமல் இருந்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் பட்டியலில் பெயர் விழுந்தவன் வாய் திறக்காமல் இருந்து தப்பிய கதைகளையும் நான் அதிகம் கேட்டதில்லை. அந்த நிகழ்ச்சியின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் பாரிஸ் சென்றார். 1963இல் வொஷிங்டன் பேரணிக்கு ஆதரவாக அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு நடந்தவர்களில் அவரும் ஒருவர். 1967இல் நாடு திரும்பியபோது ஜாஸின் ரசனையும் ரசிகர்களும் மாறிவிட்டிருந்தனர். 1981 ஒக்டோபர் 2இல், 61 வயதில், நியூயோர்க்கில் காலமானார். 2019 கிராமி விழா மேடையில் அலிஷியா கீஸ் இரண்டு பியானோக்களை ஒன்றாக வாசித்து அவர் பெயரைச் சொன்னபோது, அரங்கில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்குமோ!

தேடுவோர் 1955இல் பதிவான ‘ரிலக்ஸ்ட் பியானோ மூட்ஸ்’ இசைத்தட்டிலிருந்து தொடங்கலாம். சார்ள்ஸ் மிங்கஸ் பாஸ், மக்ஸ் ரோச் மத்தளம். அதில் வேகமில்லை, வித்தையில்லை. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அவர் விடும் அமைதியைக் கேட்டபடி, அந்த இரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.