ஆயுதச் சாலையின் திட்ட அறை

விமானத் தொழிற்சாலைகளிலே உற்பத்திக் கட்டுப்பாட்டாளர் என்றோர் உத்தியோகத்தர் உண்டு. உலோகத்தைக் கடைபவரும் அவரல்லர். இறக்கையைப் பொருத்துபவரும் அவரல்லர். எந்தப் பாகம் எந்நாளில் எந்த யந்திரத்தை அடையவேண்டும், எந்த மூலப்பொருள் இன்னும் வந்து சேரவில்லை, ஒன்று பிந்தினால் எவையெவை தடைப்படும் என்று கணக்கிட்டு ஒழுங்கு செய்வதே அவர் தொழில். பல்லாயிரம் பாகங்கள் ஒன்றுகூடி விமானமாகும் இடத்தில் இது இன்றியமையாத பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவருடைய மேசையில் குவிந்துள்ள அறிவு முதலில் யாரிடம் இருந்தது?

விடை தேடுவோர் ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில், வோட்டர்ரவுண் என்னும் ஊரில் இருந்த அரசாங்க ஆயுதச் சாலையை நோக்கவேண்டும். பீரங்கிகளைத் தாங்கும் வண்டிகள் அங்கே செய்யப்பட்டன. மேற்பார்வையாளரிடம் வேலையைப் பெற்றுக்கொண்ட தொழிலாளி, கருவியையும் உலோகத்தையும் தானே தேடி எடுத்தான். எதை முதலிற் செய்வது, எவ்வளவு வேகத்திற் கடைவது என்பவற்றைத் தன் அநுபவத்தால் தீர்மானித்தான். தேடி அலைவதில் நேரம் வீணானதும் உண்டு, அதனை மறைக்கவேண்டியதில்லை.

1909-இல் பிரெடெரிக் ரெயிலரின் சீடரான கார்ல் பார்த் அங்கு வந்தார். சிந்தனை வேலை அனைத்தையும் பட்டறையினின்று அகற்றித் திட்ட அறையிலே குவிக்கவேண்டும் என்ற ரெயிலரின் கொள்கை 1903-இலேயே அச்சேறியிருந்தது. அவ்வாறே திட்ட அறை எழுந்தது. வேலைச் சீட்டுகள் அங்கிருந்து புறப்பட்டன. பொருள்கள் செல்லும் வழி அங்கே வகுக்கப்பட்டது. கருவிகள் களஞ்சியத்தில் ஒழுங்காயின. இன்றைய உற்பத்திக் கட்டுப்பாட்டாளரின் முன்னோர் இத்தகைய அறைகளில் இருந்த இலிகிதர்களே.

இவ்வளவோடு நின்றிருந்தால் கலகம் மூண்டிராது. ஆனால் சீட்டிலே நேரத்தையும் குறிக்கவேண்டுமே! அதற்காக ஓர் ஆய்வாளர் கடிகாரத்துடன் வார்ப்புச் சாலைக்குள் நுழைந்தார். வார்ப்பாளர்கள் கூடி, இவ்வாறு தம்மை அளப்பது தமக்கு இழிவு என்று தலைமை அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதினர். 1911 ஆகஸ்ட் 11-இல் ஒருவர் அளவைக்கு உட்பட மறுத்தார். அவர் நீக்கப்பட்டதும் ஏனையோரும் வெளியேறினர். ஒரு வாரமே நீடித்த சிறிய வேலைநிறுத்தம் அது. கூலி உயர்வு கேட்டு எழுந்ததன்று என்பது கவனத்துக்குரியது. புதிய முறை ஊக்கப்பணம் தருவதாகவே சொல்லிற்று. தமது கைப்பக்குவம் தம்மிடமிருந்து பறிக்கப்பட்டு, அதுவே தம்மை ஏவும் கட்டளையாவதை அவர்கள் எதிர்த்தனர்.

காங்கிரஸ் விசாரணைக்குழு அமைந்தது. 1912 ஜனவரியில் ரெயிலரே அதன்முன் சாட்சியமளித்தார். 1915-இல் இராணுவச் செலவுச் சட்டத்தில் நேர ஆய்வுக்கும் ஊக்கப்பணத்துக்கும் தடை புகுத்தப்பட்டது. 1949 வரை அத்தகைய தடை நிலவியது. ஆனால் தடைபட்டது கடிகாரமே, திட்ட அறையன்று. 1917-இல் அமெரிக்கா போரிற் புகுந்தபோது ஹென்றி கான்ற்றின் அட்டவணைகள் ஆயுத உற்பத்தியின் போக்கை அதிகாரிகளுக்குக் காட்டின. பின்னர் வால்ற்றர் பொலக்கோவ் அம்முறையைச் சோவியத் நாட்டுக்கும் கொண்டுசென்றார். ரெயிலர் முறையிலே சுரண்டலின் கொடுமையும் விஞ்ஞானத்தின் பயனும் ஒருங்கே உள்ளன என்று லெனின் 1918-இல் எழுதினார். நம்மவருட் சிலருக்கு இக்கூற்றின் பிற்பாதி மட்டுமே நினைவிருக்கிறது. அட்டவணை சோசலிச நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததனாலேயே, அதை வரையும் உரிமை யாருக்கு என்ற வினா தீர்ந்துவிடவில்லை.

அவ்வினாவை மீண்டும் எழுப்பியவர்கள் பிரித்தானியாவின் லூக்காஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர். போர் விமானங்களுக்கும் பாகங்கள் செய்த அந்நிறுவனத்தில் ஆட்குறைப்பு அச்சுறுத்தியபோது, தொழிற்சங்கப் பிரதிநிதிகளின் கூட்டுக்குழு ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் வினாக்கொத்து அனுப்பியது: உங்களிடம் உள்ள யந்திரங்கள் எவை? திறன்கள் எவை? அவற்றைக்கொண்டு மக்களுக்கு வேண்டிய எதைச் செய்யலாம்? விடைகளிலிருந்து 1976-இல் ஒரு திட்டம் வெளிவந்தது. சுமார் 150 பொருள்கள் அதில் இடம்பெற்றன. சிறுநீரக நோயாளருக்கான யந்திரமும், வீதியிலும் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய வண்டியும் அவற்றுட் சில. எதை உற்பத்தி செய்வது என்னும் தீர்மானமே முதன்முறையாகப் பட்டறையிலிருந்து மேசையை நோக்கிச் சென்றது என்று சொல்லத் தோன்றுகிறது.

நிருவாகம் அத்திட்டத்தை நிராகரித்தது. அதை வரைவதில் முன்னின்ற பொறியியலாளர் மைக் கூலி 1981-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வீதியிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டியோ, நிறுவனத்துக்கு வெளியே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் துணையுடன் மாதிரியாகக் கட்டப்பட்டு ஓடிக் காட்டியது.